துண்டும் தூதும்

மேட்டிலே துரையின் பங்களா. அதற்குக் கீழே ஆபீசும் ஸ்டோரும். பள்ளத்திலே வரிசை வரிசையாக லயங்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா வட்டாரங்களின் தேயிலைத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இவ்வமைப்புப் புதிதன்று. பங்களாவும் லயமும் ஒரே தோட்டத்தில் இருந்தும் வெவ்வேறு வாழ்வு வாழ்ந்தன. ஒன்றின் மொழி மற்றொன்றுக்கு முழுதும் விளங்காது. துரைமார் கற்ற தமிழும் பெரும்பாலும் வேலை ஏவுவதற்கு வேண்டிய தமிழேயாகும். எனினும் ஒன்றின் துணையின்றி மற்றொன்று நடவாது. ஆகவே, இவ்விரண்டுக்கும் இடையே செய்தி எவ்வாறு சென்றது, யார் கொண்டு சென்றார், எந்த வடிவில் சென்றது என்பன மலைநாட்டு வரலாற்றின் முக்கியமான வினாக்களாயின.

இதே வினாக்கள் இன்று கணினிக்குள்ளும் எழுந்துள்ளன. ஒரு பெரிய நிரலுக்குப் புதிய ஆற்றலைத் தருவதற்கென்று வெளியார் ஆக்கிச் சேர்க்கும் சிறிய நிரலைச் செருகுநிரல் என்பர். அதற்கு இடமளிக்கும் பெரிய நிரலைப் புரவலர் நிரல் எனலாம். செருகுநிரல் புரவலரின் வீட்டுக்குள்ளேயே குடியிருக்க வேண்டுமா, அல்லது தனி வீட்டிலிருந்து தூது அனுப்பித் தொண்டு செய்ய வேண்டுமா? கணினி வல்லுநர்கள் இதற்கு விடை காணப் பல ஆண்டுகள் முயன்றனர். அவர்கள் கண்ட விடையை விளங்கிக்கொள்ள மலைநாட்டுப் பழங்கதை பெரிதும் துணை செய்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழ் மக்கள் கடல் கடந்து வந்தனர். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கவே, காலப்போக்கில் மலைகள் தேயிலை மலைகளாயின. கோப்பிக்கு ஆண்டின் ஒரு பருவத்தில்தான் மிகுந்த ஆள் வேண்டும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ள ஆள் வேண்டும். ஆதலின் வந்தவர்கள் மலையிலேயே நிலைத்தனர்.

இம்மக்களைத் திரட்டி அழைத்து வந்தவர் பெரிய கங்காணி. ஊரிலே முற்பணம் கொடுத்தவரும் அவரே. தோட்டத்திலே அவர்களுக்காகப் பேசியவரும் அவரே. துரையின் கட்டளையை லயத்துக்குக் கொண்டு வந்தவரும் அவரே. அவரின் கீழ்ச் சில்லறைக் கங்காணிகள் இருந்தனர். விடியுமுன் தப்பு முழங்கும். மக்கள் பெரட்டுக் களத்தில் கூடுவர். ஆள் எண்ணிக்கை எடுக்கப்படும். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குக் காசு கிடைத்தது. மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் செல்லும் சொல்லெல்லாம் ஒரே மனிதரின் வாய்வழியே சென்றது. அவர் நல்லவராயின் லயத்துக்கு நன்மை. அல்லராயின் முறையிடுவதற்கும் வேறு வழியில்லை. ஏனெனில் முறையீடும் அவர் வழியாகவே செல்ல வேண்டியிருந்தது.

தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே சென்ற செய்திக்கு வேறொரு வடிவம் இருந்தது. அதுதான் ‘துண்டு’. ஒரு கங்காணியும் அவர் ஆட்களும் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின், அவர்கள் பெயரில் நிற்கும் கடன் இவ்வளவு, அத்தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிக்கிறோம் என்று துரை ஒரு சிறு காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டம் அக்கடனை அடைத்து ஆட்களை ஏற்றுக்கொள்ளும். ஆனால் கடன் தீர்வதில்லை. அது புதிய தோட்டத்தின் பேரேட்டுக்கு மாறும். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, மிகுந்த முற்பணம் தரும் தோட்டத்தைத் தேடிச் செல்வது கங்காணிகளிடையே வழக்கமாயிற்று. ஒவ்வொரு மாற்றத்திலும் கடன் வளர்ந்தது. அக்காகிதத்தில் தொகை இருந்தது. தொழிலாளியின் விருப்பம் இருக்கவில்லை. அவன் குரலுக்கு அந்தச் செய்தியில் இடமே வகுக்கப்படவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மற்றொரு முறை வந்தது. தமிழ்நாட்டிலிருந்து புறப்படும் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு தகரவில்லை அளிக்கப்பட்டது. தோட்டத்தைக் குறிக்கும் எண்ணும் ஆளுக்குரிய எண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. அவ்வில்லையை அணிந்தவரை இன்ன தோட்டத்துக்கு உரியவர் என்று வழியிலுள்ள அலுவலர் எவரும் அறிந்து அனுப்பி வைப்பர். வழிச்செலவு பின்னர் அத்தோட்டத்தின் கணக்கில் சேரும். பெயரையோ ஊரையோ கேட்க வேண்டிய தேவை இல்லை. 1904இல் திருச்சிராப்பள்ளியில் நிறுவப்பட்ட இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் ஆள் திரட்டும் பணியை ஒழுங்கு செய்தது. எண் ஒன்று இருந்தால் இரு நாட்டு அலுவலகங்களும் ஒன்றையொன்று விளங்கிக்கொண்டன. முறை திறமையானது என்பதில் ஐயமில்லை. மனிதரை எண்ணாக்கியது என்பதிலும் ஐயமில்லை.

துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் கண்டார். 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியது. அதன் தொழிற்சங்கம் பின்னர் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. தோட்டந்தோறும் தொழிலாளர் தாமே தேர்ந்தெடுத்த ‘தலைவர்’ ஆபீசுப் படியேறிப் பேசத் தொடங்கியபோது, கங்காணியின் வாய் ஒன்றே வழி என்ற நிலை மாறியது. செய்தி செல்லும் வழி மாறியதால் வாழ்வின் போக்கும் மாறியது.

இனிக் கணினிக்குள் நுழைவோம். இயங்கும் நிரல் ஒவ்வொன்றுக்கும் இயங்குதளம் நினைவகத்தில் தனி இடம் ஒதுக்கி, சுற்றிலும் வேலி கட்டிக் கொடுக்கிறது. இவ்வாறு வேலியிடப்பட்டு இயங்கும் நிரலைப் ‘பிராசஸ்’ என்பர். ஒரு வேலிக்குள் இருப்பவர் மற்றொரு வேலிக்குள் கை நீட்ட முடியாது. செருகுநிரலைப் புரவலரின் வேலிக்குள்ளேயே குடியேற்றினால் பேச்சு மிக எளிது. இருவரும் ஒரே அடுப்பங்கரையில் நிற்பவர்போல் நினைவகத்திலுள்ள எதையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் விருந்தினர் வைத்த நெருப்பு வீட்டையே எரிக்கும். செருகுநிரல் ஒரு தவறு செய்து வீழ்ந்தால் புரவலரும் உடன் வீழ்வார்.

இத்துன்பத்தை உலகம் நன்கு கண்டது இணைய உலாவிகளில்தான். 1996இல் நெட்ஸ்கேப் உலாவியின் இரண்டாம் பதிப்பு செருகுநிரல்களுக்கு இடமளித்தது. அசையும் படமும் ஒலியும் காட்டும் ‘பிளாஷ்’ போன்றவை அவ்வாறு உள்ளே வந்தன. ஏதோ ஒரு பக்கத்தில் பிளாஷ் தடுமாறினால் உலாவி முழுவதும் மறைந்துவிடும். வேறொரு பக்கத்தில் பாதி எழுதிய கடிதமும் அதனோடு போகும். பிழை ஓரிடத்தில், இழப்பு எல்லாவிடத்தும் என்பதே அன்றைய நிலை. 2008 செப்டம்பரில் வெளியான கூகுள் குரோம் உலாவி செருகுநிரல்களைத் தனி வேலிக்குள் வைத்தது. 2010 ஜூனில் பயர்பாக்ஸ் உலாவியும் பிளாஷ் முதலியவற்றை வெளியே குடியேற்றியது. அதன்பின் செருகுநிரல் வீழ்ந்தால் அதன் இடம் மட்டும் வெறுமையாகும். பக்கத்தை மீண்டும் திறந்தால் அதுவும் மீண்டும் எழும்.

ஆனால் வேலி எழுந்தவுடன் தூதின் தேவையும் எழுந்தது. அதற்கான கருவிகளை முன்னோர் ஏற்கெனவே ஆக்கி வைத்திருந்தனர். 1973இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், டக்ளஸ் மெக்கில்ராய் நெடுநாள் வலியுறுத்தியதன் பேரில், கென் தாம்சன் யுனிக்ஸ் இயங்குதளத்தில் ‘குழாய்’ என்ற வசதியை அமைத்தார். ஒரு நிரலின் வெளியீடு மற்றொன்றின் உள்ளீடாகப் பாய்வதற்கு அது வழி செய்தது. 1984இல் ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பிரெல், நெல்சன் என்னும் இருவர், வேறு கணினியிலுள்ள நிரலைத் தன் வீட்டு ஆளை அழைப்பதுபோல் அழைக்கும் முறையை விரிவாக எழுதி வெளியிட்டனர். அம்முறை ஒரே கணினியிலுள்ள இரு வேலிகளுக்கிடையிலும் பயன்படலாயிற்று.

அது நடைபெறும் விதம் வருமாறு. புரவலரின் வேலிக்குள் செருகுநிரலின் பிரதிநிதி ஒன்று இருக்கும். புரவலர் அதனிடம் வேலையைச் சொல்லும். பிரதிநிதி தானாக எதையும் செய்யாது. சொல்லப்பட்டவற்றைக் குறித்த வரிசையில் கட்டி, இயங்குதளத்தின் வழியே அடுத்த வேலிக்கு அனுப்பும். அங்கே மற்றொரு பிரதிநிதி கட்டை அவிழ்த்து உண்மையான செருகுநிரலிடம் ஒப்படைக்கும். விடையும் அவ்வாறே கட்டப்பட்டுத் திரும்பும்.

ஏன் இவ்வளவு கட்டலும் அவிழ்த்தலும்? ஒரு தோட்டத்துக்குள் நின்று ‘மூன்றாம் காம்பராவில் இருக்கிறது, எடுத்துக்கொள்’ என்றால் போதும். அடுத்த தோட்டத்தாருக்கு அச்சொல் பயன்படாது. அங்கேயும் ஒரு மூன்றாம் காம்பரா உண்டு, அதில் இருப்பதோ வேறு. நினைவகத்தின் முகவரிகளும் அத்தகையவை. ஒரு வேலிக்குள் பொருளுள்ள முகவரி மற்றொரு வேலிக்குள் பொருளற்றது, சில வேளைகளில் தீங்கானது. ஆகவே இடத்தைச் சுட்டாமல் பொருளையே படியெடுத்து அனுப்ப வேண்டும். அல்லது, தகரவில்லை போல் இருபுறத்தாரும் ஒப்புக்கொண்ட எண்ணொன்றை அனுப்ப வேண்டும். எந்த எண் எதைக் குறிக்கும், எது முன், எது பின் என்னும் உடன்படிக்கையே தூதின் உயிர்.

விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது அடுத்த சிக்கல். செருகுநிரல் இறந்துவிட்டதா, வேலையில் மூழ்கியிருக்கிறதா என்று வேலிக்கு அப்பாலிருந்து அறிதல் அரிது. மேற்கூறிய பயர்பாக்ஸ் உலாவி முதலில் 10 விநாடி பொறுத்து, விடை வராவிடின் செருகுநிரலை நிறுத்திவிட்டது. பழைய கணினிகளில் பெரிய விளையாட்டு ஒன்றைத் திறக்கவே அதற்கு மேல் நேரம் சென்றது. உயிரோடிருந்தவை இறந்தனவாகக் கருதப்பட்டன. சில நாட்களுக்குள் வந்த அடுத்த பதிப்பில் அக்கால அளவு 45 விநாடியாக உயர்த்தப்பட்டது. பிளாஷுக்கு அதன் நிறுவனம் அளித்த ஆதரவு 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு முடிந்தது. அது விட்டுச்சென்ற பாடம் முடியவில்லை.

தமிழர்க்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். பங்கு மிகப் பெரிது. கணினியில் தமிழை உள்ளிடும் கருவியும் இத்தகைய துணைநிரலேயாகும். கடிதம் எழுதும் நிரலையும் கணக்கு எழுதும் நிரலையும் ஆக்கியவர்கள் பெரும்பாலும் தமிழ் அறியாதவர்கள். அவர்கள் ஆக்கிய வீட்டுக்குள் தமிழ் எழுத்தைக் கொண்டு சேர்க்கும் தூதுவர் உள்ளீட்டு நிரல்.

‘கொட்டகலை’ என்னும் ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்வோம். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் இதற்கு ஏழு விசைகள் போதும்: க, ஒ, ட, ட, க, ல, ஐ. தாளில் இது ஐந்து எழுத்து. யூனிகோடு முறையிலோ எட்டுக் குறிகள்: ககரம், ஒகரக் குறி, டகரம், புள்ளி, டகரம், ககரம், லகரம், ஐகாரக் குறி. ஏழை எட்டாக்குவது உள்ளீட்டு நிரலின் வேலை. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலதற்குத் தானே புள்ளி வைப்பது தமிழ்99இன் சிறப்பு. இரண்டாம் டகரத்தைத் தட்டியவுடன், முன்னே நிற்பது டகரமே என்று நிரலுக்குத் தெரிந்தால்தான் புள்ளி வைக்க இயலும்.

அந்த முன்னெழுத்து இருப்பதோ புரவலரின் வேலிக்குள். ஆகவே உள்ளீட்டு நிரல், ‘எழுதுமிடத்துக்கு முன்னே என்ன எழுத்து நிற்கிறது?’ என்று கேட்டுத் தூது விட வேண்டும். எல்லாப் புரவலரும் இக்கேள்விக்கு விடை சொல்வதில்லை. விடை வராதபோது, தான் முன்னர் அனுப்பியதை நினைவிற்கொண்டு உள்ளீட்டு நிரல் ஊகிக்கிறது. எழுதுபவர் இடையே வேறிடத்துக்குச் சென்றுவிட்டு, அச்செய்தியும் நிரலுக்கு எட்டாதிருந்தால், புள்ளி வேண்டாத இடத்தில் புள்ளி விழும்; வேண்டிய இடத்தில் விழாது. தமிழ் தட்டெழுதுவோர் சில நிரல்களில் மட்டும் காணும் விந்தையான பிழைகளுட் சில இவ்வாறு பிறந்தவையே. எழுதியவர் மேலும் குற்றமில்லை, விசைப்பலகை மேலும் குற்றமில்லை. நடுவழியில் ஒரு கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

இத்தூதுவரை எங்கே குடியமர்த்துவது என்பதில் இயங்குதளங்கள் வேறுபட்டன. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த முறை, உள்ளீட்டு நிரலை ஒவ்வொரு புரவலரின் வேலிக்குள்ளும் ஏற்றியது. பேச்சு விரைவானது, வீழ்ந்தால் புரவலருக்கும் ஆபத்து. ஆப்பிள் நிறுவனம் 2007இல் வெளியிட்ட மேக் இயங்குதளப் பதிப்பிலும், லினக்ஸில் ‘ஐபஸ்’ என்னும் அமைப்பிலும் அது தனி வேலிக்குள் நின்று தூது அனுப்பியது. 2009 முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் வெளியார் ஆக்கிய விசைப்பலகைகளும் அவ்வாறே தனித்து இயங்கின. ஐபோன் 2014இல் வெளியார் விசைப்பலகையை ஏற்றபோது மேலும் இரு நிபந்தனை விதித்தது: உரியவர் இசைந்தாலன்றி அது இணையத்தைத் தொடக்கூடாது, கடவுச்சொல் எழுதுமிடத்தில் அது தலைகாட்டக்கூடாது.

இந்நிபந்தனைகளின் காரணம் மலைநாட்டாருக்கு எளிதில் விளங்கும். எல்லாச் சொல்லும் எவர் வழியே செல்கிறதோ, அவர் எல்லாவற்றையும் அறிந்தவராகிறார். அறிந்தவர் ஆள்பவராவதற்கு நெடுநாள் ஆகாது. பெரிய கங்காணியின் செல்வாக்கு அவர் கையிலிருந்த கடனால் மட்டும் வந்ததன்று. இருபுறத்துச் செய்தியையும் அவர் ஒருவரே அறிந்திருந்ததாலும் வந்தது. தூதுவருக்குத் தன் தொழிலுக்கு வேண்டிய அளவு மட்டுமே தெரிந்திருக்க வேண்டும் என்னும் விதியைக் கணினி உலகம் துன்பப்பட்டுக் கற்றது.

உடன்படிக்கையின் அருமையையும் தமிழ் உலகம் துன்பப்பட்டே கற்றது. ஒரு காலத்தில் எழுத்துரு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியீட்டை வைத்திருந்தது. இலங்கையில் பாமினி என்னும் எழுத்துரு பெருவழக்காக இருந்தது. பாமினியில் தட்டிய கடிதத்தை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள் தோன்றும். செய்தி சென்றது, பொருள் செல்லவில்லை. 1991இல் வெளியான யூனிகோடின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி வகுக்கப்பட்டது. 2008இல் இலங்கை தமிழுக்கான தனது தகவல் பரிமாற்ற நியமத்தை, 1326 என்னும் எண்ணுடன் ஏற்றது. இருபுறத்தாரும் ஒரே அட்டவணையைக் கையில் வைத்திருக்கும்போதுதான் வேலியைக் கடந்த எழுத்து எழுத்தாகவே இருக்கிறது.

ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. வீழ்ந்த செருகுநிரலை ஒரு விநாடியில் மீண்டும் எழுப்பலாம். அதற்கு வலியில்லை, கடனில்லை. துண்டினால் தோட்டம் மாற்றப்பட்ட குடும்பத்துக்கு அத்தகைய மறுதொடக்கம் வாய்க்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தை வழிப் பிறப்புக்குச் சான்று கேட்டபோது, எண்ணிட்ட வில்லையோடு வந்தவர்களின் மக்களும் பேரரும் காட்டுவதற்குத் தாளின்றி நின்றனர். அவர்கள் உழைத்த நாட்கள் தோட்டத்துச் செக்ரோலில் இருந்தன. அவர்கள் யார் என்பதை அரசாங்கத்துக்கு எடுத்துச் சொல்லும் ஆவணம் இருக்கவில்லை. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

ஆதலின் இரு வேலிகளுக்கிடையே செல்லும் சிறு செய்தி எவ்வாறு கட்டப்படுகிறது என்பதைப் பொறியாளர் மட்டும் எண்ணிப் பார்க்கும் பொருளாகத் தள்ளிவிட இயலாது. இன்று ஓர் அலுவலகத்தில் எழுத்தர் ஒருவர் பிறப்புப் பதிவுக்காக ஒரு குழந்தையின் பெயரைத் தமிழில் தட்டுகிறார். அவர் விரலிலிருந்து உள்ளீட்டு நிரலுக்கும், அங்கிருந்து பதிவு நிரலுக்கும், அதிலிருந்து வேறோர் அலுவலகத்துக்கும் அப்பெயர் செல்கிறது. ஒவ்வொரு வேலியிலும் அது கட்டப்பட்டு அவிழ்க்கப்படுகிறது. எங்கோ ஒரு புள்ளி வழுவினால் இரண்டு தாள்களில் இரண்டு பெயர் நிற்கும். அவை இரண்டும் ஒருவரே என்று நிறுவும் சுமை அக்குழந்தையின் மேல் விழும். தாளில் பெயர் பிழைபட்டால் என்ன நேரும் என்பதை மலைநாடு அறியும்.